கிளாஸுக்கு காசு தேடுற டீச்சர்களுக்கு: எங்க கேக்கணும், எப்படி கேக்கணும்

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் அரசுப் பள்ளி டீச்சர்கள் நிறைய பேர் முதல்ல எடுக்கிறது சொந்தக் காசைத்தான். சார்ட், ஸ்கெட்ச், லேமினேஷன், கலர் பிரிண்ட், ரெண்டு பசங்களுக்கு நோட்டு, ஒருத்தனுக்கு செருப்புன்னு அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும், மாசக் கடைசில கூட்டிப் பாத்தா வீட்டுல சொல்ல முடியாத அளவுக்கு வந்து நிக்கும். அந்த மனசை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல நிறைய செலவு ஸ்கூலுக்கு வேற வழில வர வேண்டியது, யாரும் கேக்காததால வராம கிடக்குது, அதான் எனக்கு ஆதங்கம். கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல, நமக்கா கேக்கறோம், பசங்களுக்குத்தானே.

நான் எழுதறது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி டீச்சர்களை மனசுல வெச்சு. உதவி பெறும் பள்ளில இருக்கிறவங்களுக்கும் கம்பெனி, ரோட்டரி, முன்னாள் மாணவர் பத்தின பகுதி உதவும்.

முதல்ல தேவையை மூணா பிரிங்க

யாருக்கு லெட்டர் எழுதலாம்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல உங்க கிளாஸுக்கு என்னென்ன வேணும்னு எழுதுங்க, எழுதிட்டு மூணு கட்டா பிரிங்க. ஒண்ணு, தீர்ந்து போற சாமான், அதாவது சார்ட், மார்க்கர், ஸ்கெட்ச், ஆய்வகத்துக்கு வாங்கற கெமிக்கல், பிரிண்டர் இங்க் மாதிரி. ரெண்டு, வாங்கி வெச்சா சில வருஷம் நிக்கிற பொருள், பீரோ, மைக்ரோஸ்கோப், ப்ரொஜெக்டர், புத்தகம், பெஞ்ச், கேரம் போர்டு. மூணு, கட்டடம் சம்பந்தப்பட்டது, ஓடு மாத்தறது, காம்பவுண்டு சுவர், டாய்லெட், கிளாஸ் ரூம். இந்த மூணுக்கும் கதவு வேற வேற. காம்பவுண்டு சுவருக்கு லயன்ஸ் கிளப் வாசல்ல போய் நின்னாலும் நடக்காது, சார்ட் பேப்பர் வாங்கித் தாங்கன்னு எம்எல்ஏ ஆபீஸுக்கு மனு கொடுத்தாலும் நடக்காது. நிறைய பேர் அலைஞ்சு அலைஞ்சு வெறுத்துப் போறது காசு இல்லாததால இல்ல, தப்பான கதவைத் தட்டினதாலதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல பசங்க அதை வெச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. "ஸ்மார்ட் கிளாஸ் வேணும்"னு எழுதினா படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. "எட்டாம் வகுப்புல 34 பேர் இருக்காங்க, செல் பாடம் நடத்தறேன், இதுவரைக்கும் ஒருத்தர்கூட மைக்ரோஸ்கோப்ல கண்ணு வெச்சதில்ல"ன்னு எழுதினா அவர் மனசுல அந்தக் கிளாஸ் வந்து நிக்கும். அப்புறம் அந்தப் பொருளை எங்க வைப்பீங்க, பூட்டு இருக்கா, கரண்ட் பாயிண்ட் இருக்கா, ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க, இதையும் யோசிச்சு வெச்சுக்கோங்க, பணம் கொடுக்கிற ஆள் கட்டாயம் இதைக் கேப்பாரு, பதில் இல்லன்னா அங்கேயே பேச்சு நின்னு போயிடும்.

ஸ்கூலுக்குள்ளயே இருக்கிற காசு

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல, அதாவது சமக்ர சிக்ஷாவுல, பள்ளி மானியம்னு ஒண்ணு வருது, நம்ம ஆளுங்க ஸ்கூல் கிராண்ட்னு சொல்றது அதைத்தான். அது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்ட விதிப்படி 30 பேர் வரைக்கும் இருந்தா வருஷத்துக்கு 10,000 ரூபாய், 31ல இருந்து 100 வரைக்கும் 25,000, 101ல இருந்து 250 வரைக்கும் 50,000, 251ல இருந்து 1,000 வரைக்கும் 75,000, அதுக்கும் மேல போனா ஒரு லட்சம். இதுல குறைஞ்சது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு செலவு பண்ணணும். விளையாட்டுக்கு தனியா தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 வரைக்கும்னு விதில இருக்கு, நூலகத்துக்கும் தனியா உண்டு. சில வருஷம் இது காசா வரும், சில வருஷம் பொருளாவே வாங்கி அனுப்பிடுவாங்க, சில வருஷம் தவணையா வரும், அதனால இந்த வருஷம் எப்படின்னு பிஆர்சில, அதாவது வட்டார வள மையத்துல, நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

எண்ணிக்கையை யூடைஸ், அதாவது எல்லாப் பள்ளி விவரமும் ஏத்துற அரசுப் பதிவு, அதுல இருந்துதான் எடுக்கிறாங்க. உங்க ஸ்கூல்ல 102 பேர் படிக்கறாங்க, பதிவுல 98னு ஏறியிருக்குன்னா 50,000 வர வேண்டிய இடத்துல 25,000 வரும். அந்த நாலு பேரை சரியா ஏத்தறது பணம் கொடுக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கிறதை விட பெரிய வேலை இல்ல. அதனால பதிவு ஏத்துற நேரத்துல ஹெச்எம் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை சரி பாருங்க.

இந்தக் காசு எப்பவும் நேரத்துக்கு வரும்னு நம்பி உக்கார முடியாதுங்கறதும் உண்மைதான். மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலைங்கற விஷயத்துல 2024-25க்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா காசு 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வெச்சது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மேல நடக்கிற இந்த மாதிரி விஷயம் கடைசில வந்து விழறது சார்ட் பேப்பர் மேலயும் சாக்பீஸ் மேலயும்தான். அதனாலதான் ஒரே இடத்தை நம்பாம ரெண்டு மூணு வழி கையில இருக்கணும்னு சொல்றேன்.

ஸ்கூல் கிராண்ட் வந்தா அது ஹெச்எம் காசுன்னு ஒரு நினைப்பு பல ஸ்கூல்ல இருக்கு. அப்படி கிடையாது, அது பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்எம்சி, தீர்மானம் போட்டு செலவு பண்ற காசு. வகுப்பாசிரியரா நீங்க என்ன பண்ணணும்னா, காசு வர்றதுக்கு முன்னாடியே, ஜூன் ஜூலைலயே, உங்க லிஸ்ட்டை எழுத்துல ஹெச்எம்கிட்ட கொடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க, அவங்களுக்கு ஆயிரம் வேலை. பெயிண்ட், கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர்னு எல்லாம் வரிசைல நிக்கும்போது உங்க கிளாஸ் சாமானும் அந்த வரிசைல பேப்பர்ல இருந்தாத்தான் கண்ணுல படும்.

எஸ்எம்சி தீர்மானம் இல்லாம எதுவும் ஓடாது

கல்வி உரிமைச் சட்டம் 2009 படி எஸ்எம்சில நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்களா இருக்கணும், ஸ்கூலுக்கு ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதறதும் அவங்க வேலைதான். இதை ஒரு சடங்கா நடத்தி கையெழுத்து மட்டும் வாங்கற ஸ்கூலும் இருக்கு, நிஜமாவே உக்காந்து பேசற ஸ்கூலும் இருக்கு. பணம் வர்றது ரெண்டாவது வகை ஸ்கூலுக்குத்தான், இது நான் பாத்து உறுதியா சொல்றது.

அடுத்த கூட்டத்துல உங்க தேவையை ஒரு தீர்மானமா போட வைங்க. "எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு இன்னின்ன பொருள் தேவை, அரசு நிதி, நிறுவனங்களோட சமூகப் பொறுப்பு நிதி, முன்னாள் மாணவர் மூலமா பெற இந்தக் குழு ஒப்புதல் அளிக்குது"ன்னு ரெண்டு வரி போதும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து தலைவர் கையெழுத்தோட ஒரு ஃபைல்ல வெச்சுக்கோங்க. கம்பெனிக்குப் போனாலும் கலெக்டர் ஆபீஸ் போனாலும் முதல்ல கேக்கறது இதைத்தான். இன்னொரு நல்லது என்னன்னா, அந்தக் கூட்டத்துல இருக்கிற ஒரு அம்மா "எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கற கம்பெனில வருஷா வருஷம் ஸ்கூலுக்கு ஏதோ செய்யறாங்க டீச்சர்"னு சொல்லுவாங்க. நெட்ல எவ்வளவு தேடினாலும் கிடைக்காத தகவல் அது.

நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி

இது அரசுப் பள்ளிகளுக்கு உதவி திரட்டற திட்டம், தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 19ல தொடங்கினது. தொடங்கும்போது டிவிஎஸ் வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர், அப்போ முதல்வரா இருந்த ஸ்டாலின் தன் சொந்தக் காசுல 5 லட்சம் கொடுத்து ஆரம்பிச்சு வெச்சாரு. கம்பெனி, முன்னாள் மாணவர், தனி ஆள் யாரா இருந்தாலும் போர்ட்டல்ல போய் ஒரு அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவ முடியும். இதுல இருக்கிற பெரிய வசதி என்னன்னா பணம் கொடுக்கிறவருக்கு "இது சரியான இடத்துக்குத்தான் போகுதா"ங்கற பயம் இல்ல, நமக்கும் "காசை யாரு கையில வாங்கறது, எந்தக் கணக்குல போடறது"ங்கற தலைவலி இல்ல.

ஆனா உங்க ஸ்கூல் தேவை அங்க ஏறியிருந்தாத்தான் யாராவது பாப்பாங்க. தேவைப் பட்டியல் ஸ்கூல் பக்கத்துல இருந்து போகணும், அது ஹெச்எம் வேலை, ஹெச்எம்முக்கு நேரமில்லைன்னா நீங்க கூட உக்காந்து டைப் பண்ணிக் கொடுங்க. ஏத்திட்டு சும்மா இருந்தா யாரோ ஒருத்தர் தானா வந்து பாப்பாருன்னு எதிர்பார்க்காதீங்க. ஏற்கெனவே உதவறேன்னு சொல்ற ஒருத்தரை, பழைய மாணவரையோ பக்கத்து ஊர் மில் முதலாளியையோ, "சார் இந்தப் போர்ட்டல்ல எங்க ஸ்கூல் பேர் போட்டு தேடுங்க, லிஸ்ட் இருக்கு"ன்னு அனுப்பறதுக்குத்தான் இது நல்லா உதவும். ஆளை நாம பிடிக்கணும், பணம் வர்ற பாதை மட்டும்தான் போர்ட்டல். மத்திய அரசோட வித்யாஞ்சலி போர்ட்டலும் இதே மாதிரிதான், 2021 செப்டம்பர்ல புது வடிவத்துல வந்தது, அதுல பொருள் மட்டும் இல்லாம பாடம் எடுக்க வர்ற தன்னார்வலரையும் கேக்கலாம்.

கம்பெனி காசு: இதைப் புரிஞ்சுக்கிட்டுப் போங்க

நிறுவனங்களோட சமூகப் பொறுப்பு நிதியைத்தான் சிஎஸ்ஆர்னு எல்லாரும் சொல்றோம், அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா கேக்கறது பாதி சுலபம் ஆயிடும். கம்பெனிகள் சட்டம் 2013ல 135வது பிரிவு, 2014 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு. நிகர சொத்து மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூக வேலைக்கு செலவு பண்ணியே ஆகணும். கல்வி அந்தப் பட்டியல்ல இருக்கு. அதைவிட முக்கியம், கம்பெனி தான் இயங்கற இடத்தைச் சுத்தி இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கணும்னு அதே பிரிவுல இருக்கு. அதனால உங்க ஸ்கூல் ஃபேக்டரி பக்கத்துல இருந்தா அதையே லெட்டர்ல முதல் வரியா வைங்க.

நெய்வேலி சுத்துவட்டாரம்னா என்எல்சி, திருச்சின்னா பிஹெச்இஎல், மணலின்னா சிபிசிஎல், கரூர்ல டிஎன்பிஎல், ஓசூர்ல டைட்டன், அசோக் லேலண்ட், ஸ்ரீபெரும்புதூர்ல ஹூண்டாய், இப்படி பெரிய பேரு எல்லாருக்கும் தெரியும், அங்க லெட்டரும் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். 5 கோடி லாபம்ங்கறது அவ்வளவு பெரிய வரம்பு இல்லைங்கறதை மறந்துடாதீங்க. உங்க ஊர்ப் பக்கம் இருக்கிற ஸ்பின்னிங் மில், கோழித் தீவனக் கம்பெனி, ஃபவுண்டரி, எக்ஸ்போர்ட் கம்பெனி, நிதி நிறுவனம்னு நிறைய அதுக்குள்ள வரும், அவங்களுக்குத் தனியா சிஎஸ்ஆர் டிபார்ட்மெண்ட் கூட இருக்காது, அக்கவுண்ட்ஸ் மேனேஜர்தான் பாப்பாரு, வருஷக் கடைசில "இதை எங்க செலவு பண்றது"ன்னு அவரே தேடிட்டு இருப்பாரு. என் கணக்குல ஒரு கிளாஸுக்குத் தேவைப்படற 20,000, 50,000 மாதிரி சின்னத் தொகைக்கு இவங்கதான் சரியான ஆளு.

எந்தக் கம்பெனி உங்க மாவட்டத்துல எவ்வளவு செலவு பண்ணுதுன்னு கம்பெனி விவகார அமைச்சகத்தோட தேசிய சிஎஸ்ஆர் போர்ட்டல்ல பாக்கலாம், கம்பெனியோட ஆண்டு அறிக்கைலயும் சிஎஸ்ஆருக்குன்னு ஒரு இணைப்பு இருக்கும். அதுல அவங்க போன வருஷம் டாய்லெட்டா கட்டினாங்களா, ஸ்காலர்ஷிப் கொடுத்தாங்களா, லேப் வெச்சுக் கொடுத்தாங்களான்னு பாத்துட்டு அதுக்கு ஒட்டின தேவையைக் கேளுங்க.

நேரம் ரொம்ப முக்கியம். நிதியாண்டு ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியும். பெரிய கம்பெனில ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள அந்த வருஷத் திட்டத்தை முடிவு பண்ணிடுவாங்க, அதனால அப்போ உங்க லெட்டர் அவங்க மேஜைல இருக்கணும். சின்ன கம்பெனிக்கு ஜனவரி பிப்ரவரிலயும் போகலாம், மிச்சக் காசு இருக்கும்.

இன்னொண்ணு. கம்பெனி உங்க பேர்ல செக் கொடுக்காது, கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வேற ஒரு அமைப்பு மூலமா செய்யணும்னா அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்துல பதிவு பண்ணியிருக்கணும், 2021 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம். நம்ம அரசுப் பள்ளிகிட்ட அது இருக்காது, அதைப் பாத்து பயந்து திரும்பி வந்துடாதீங்க. கம்பெனியே நேரா பொருளை வாங்கி ஸ்கூலுக்குக் கொடுக்கலாம், இல்ல மேல சொன்ன நம்ம ஸ்கூல் திட்டத்தை நடத்தற நம்ம ஸ்கூல் ஃபவுண்டேஷன் மூலமா செய்யலாம், இல்ல பதிவு இருக்கிற ஒரு அறக்கட்டளை மூலமா செய்யலாம். பொருளா வாங்கிக் கொடுங்கன்னு கேக்கறதுதான் ஒரு கிளாஸ் அளவுக்கு ரொம்ப சுலபம். ஆண்டு விழாவுக்கு ஸ்பான்சர் பண்ணுங்க, பேனர்ல உங்க பேர் போடறோம்னு மட்டும் கேக்காதீங்க, விளம்பரத்துக்காகப் பண்ற ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்குல சேராது, கேட்டா இவங்களுக்கு விதி தெரியலைன்னு நினைச்சுப்பாங்க.

லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. கீழ ஒரு மாதிரி போடறேன், விலை எல்லாம் உதாரணத்துக்கு, உங்க கொட்டேஷன்ல இருக்கிறதைப் போட்டுக்கோங்க.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் 118 மாணவர்கள் படிக்கிறார்கள். தங்கள் ஆலையில் பணிபுரிவோரின் பிள்ளைகளும் அதில் உள்ளனர். 7, 8ஆம் வகுப்புகளில் அறிவியல் பாடத்தைச் செய்து பார்த்துக் கற்க எங்களிடம் கருவிகள் இல்லை. மைக்ரோஸ்கோப் 2 (ரூ. 8,000), கைலென்ஸ் 30 (ரூ. 1,800), தயார்நிலை ஸ்லைடு பெட்டி 1 (ரூ. 1,200), பூட்டுடன் கூடிய இரும்பு பீரோ 1 (ரூ. 9,000), ஆக மொத்தம் ரூ. 20,000 மதிப்புள்ள பொருள்களைப் பள்ளிக்கு வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இவை பள்ளி இருப்புப் பதிவேட்டில் பதியப்பட்டு, வாரம் இரண்டு பாடவேளை பயன்படுத்தப்படும். மூன்று மாத முடிவில் பயன்பாட்டு அறிக்கையைத் தங்களுக்கு அனுப்புவோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகலும் விலைப்புள்ளிகளும் இணைக்கப்பட்டுள்ளன. ஒருநாள் நேரில் வந்து வகுப்பைப் பார்க்கத் தங்களை அன்புடன் அழைக்கிறோம்."

கீழ தலைமை ஆசிரியர் கையெழுத்து, ஸ்கூல் சீல், யூடைஸ் எண், இவ்வளவுதான். தமிழ்நாட்டு ஸ்கூல்னா அந்த எண் 33ல தொடங்கும், 11 இலக்கம், அதை வெச்சு அவங்க ஸ்கூலை சரி பாத்துக்குவாங்க. தமிழ்லயே எழுதலாம், சென்னை, பெங்களூர்ல தலைமை ஆபீஸ் இருக்கிற கம்பெனின்னா இங்கிலீஷ்ல ஒண்ணு சேத்து வைங்க. கொட்டேஷன் மூணு கடைல வாங்குங்க, ஜிஎஸ்டி எண் இருக்கிற கடையா பாத்து வாங்குங்க. அனுப்பிட்டு பத்து நாள் கழிச்சு ஒரு போன், அப்புறம் ஒரு தடவை நேர்ல. பதிலே வராத லெட்டர்தான் அதிகமா இருக்கும், அதுக்காக மனசு விட்டுடாதீங்க, அதே லெட்டரை முதல் வரியை மட்டும் மாத்தி அடுத்த கம்பெனிக்கு அனுப்புங்க.

ஊர் ஆளுங்க, பழைய பசங்க

ரோட்டரி, லயன்ஸ் ரெண்டுக்கும் வருஷம் ஜூலை 1ல தொடங்குது, அன்னைக்கு புதுத் தலைவர் பொறுப்பு எடுப்பாரு. பதவி ஏக்கறதுக்கு முன்னாடி, மே ஜூன்லயே, வரப் போற தலைவரைப் பாத்துப் பேசினா அவரோட வருஷத் திட்டத்துல உங்க ஸ்கூல் உள்ள போயிடும். மார்ச்ல போய் நின்னா "அடுத்த வருஷம் பாக்கலாம் டீச்சர்"தான். ரோட்டரில குளோபல் கிராண்ட்னு ஒண்ணு உண்டு, அதுக்கு ப்ராஜெக்ட் குறைஞ்சது 30,000 டாலர் இருக்கணும், வெளிநாட்டு கிளப் ஒண்ணு சேரணும், அது ஒரு கிளாஸுக்கு ஆகறது இல்ல. உள்ளூர் கிளப் தன் உறுப்பினர்கிட்ட வசூல் பண்ணி செய்யறதுதான் நமக்கு, பெஞ்ச், தண்ணி ஃபில்டர், புத்தக அலமாரி, இதெல்லாம் அவங்க ஆசையா செய்வாங்க.

முன்னாள் மாணவர் விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், ஏன்னா இதுதான் கைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு. எல்லா ஊர்லயும் பத்தாவது செட் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, ரீயூனியன் வெக்கறாங்க, பிரியாணி போடறாங்க, பழைய சாரைக் கூப்பிட்டு சால்வை போடறாங்க, அந்த நாள்ல அவங்க எல்லாரும் ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்ங்கற மனசோடதான் வர்றாங்க. என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியாது, அதனால ஒரு கடிகாரமோ ஒரு ஃபேனோ வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அன்னைக்கு உங்க கையில விலையோட ஒரு லிஸ்ட் இருந்தா கதையே வேற. 300 ரூபாய்ல இருந்து 15,000 ரூபாய் வரைக்கும் சின்னதும் பெரிசுமா எழுதி வைங்க, கூலி வேலை பாக்கற பழைய மாணவரும் ஒரு அகராதி வாங்கிக் கொடுக்க முடியணும், துபாய்ல இருக்கிறவரு ஒரு ப்ரொஜெக்டர் வாங்கிக் கொடுக்க முடியணும். ரெண்டு பேர் பேரையும் ஒரே போர்டுல ஒரே அளவு எழுத்துல எழுதுங்க.

வெளிநாட்டுல இருக்கிறவங்க பத்தி ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவர் தன் சொந்தச் சேமிப்புல இருந்து வங்கி மூலமா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனா அமெரிக்கா, சிங்கப்பூர், கனடான்னு குடியுரிமை மாத்திக்கிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ கார்டு வெச்சிருந்தாலும், எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர் வெளிநாட்டு ஆள்தான், ரூபாயா கொடுத்தாலும் பொருளா கொடுத்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும், பதிவு இல்லாத ஸ்கூலோ பிடிஏவோ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) அதை வாங்கக் கூடாது. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் நேரா அனுப்பற பணமும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிற ஒரு அறக்கட்டளை வழியா அனுப்பச் சொல்லுங்க. வாங்கினதுக்கு அப்புறம் மாட்டிக்கறதை விட வாங்கறதுக்கு முன்னாடி "உங்க பாஸ்போர்ட் எந்த நாடு"ன்னு கேக்கறது நல்லது.

வரி ரசீது கேக்கறவங்க இருப்பாங்க. 80ஜி ரசீது அந்தப் பதிவு இருக்கிற அமைப்பு மட்டும்தான் கொடுக்க முடியும், பணமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கழிவு கிடையாது, புது வரி முறைல இருக்கிற சம்பளக்காரருக்கு அந்தக் கழிவே இல்ல. அதனால நமக்குப் பதிவு இல்லையேன்னு ரொம்ப கவலைப்பட வேண்டாம், ஊர்ப் பாசத்துல கொடுக்கிறவங்க ரசீதுக்காகக் கொடுக்கறது இல்ல.

கட்டடம்னா

இது வகுப்பாசிரியர் தனியா ஓட வேண்டிய வேலை இல்ல, ஹெச்எம்மும் எஸ்எம்சி தலைவரும் போகணும், ஆனா எந்த வழின்னு தெரிஞ்சிருந்தா எடுத்துச் சொல்லலாம். எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்பி நிதி 5 கோடி. எம்எல்ஏவோ எம்பியோ பரிந்துரை பண்ணுவாங்க, ஒப்புதலும் வேலையும் மாவட்ட நிர்வாகம் மூலமா நடக்கும். நமக்கு நாமே திட்டத்துல ஊர் மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடும், நல்லா சம்பாதிக்கிற முன்னாள் மாணவர் இருக்கிற ஊருக்கு இது அருமையான வழி, ஏன்னா அவங்க கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் மூணு லட்சமா மாறுது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துல ஏற்கெனவே உங்க ஸ்கூல் பேர் இருக்கான்னும் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, ஒரே வேலைக்கு ரெண்டு இடத்துல மனு போட்டா ரெண்டும் இழுத்துக்கும்.

பசங்க பேர்ல வர்ற காசு

இன்ஸ்பயர் மானக் விருதை அறிவியல் டீச்சர்கள் விடவே கூடாது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தறது, ஆறாம் வகுப்புல இருந்து பசங்களோட சொந்த ஐடியாவை ஸ்கூல் ஆன்லைன்ல அனுப்பணும், தேர்வானா மாடல் செய்ய அந்தப் பையன் கணக்குல, இல்ல பொண்ணு கணக்குல, 10,000 ரூபாய் நேரா விழும். கடைசி நாள் பொதுவா செப்டம்பர் நடுவுல வரும், அதனால ஜூலைலயே பசங்ககிட்ட "உங்க வீட்டுல, வயல்ல, தெருவுல எது கஷ்டமா இருக்கு"ன்னு கேட்டு எழுத வைங்க. நெட்ல இருந்து எடுத்த தானியங்கி தெருவிளக்கை விட, பூக்கட்டற அம்மாவுக்கு கை வலிக்குதுன்னு ஒரு பொண்ணு யோசிச்ச சின்ன விஷயம்தான் நிக்கும். பசங்களுக்கு வங்கிக் கணக்கு இல்லன்னா அதை முதல்ல திறக்க வைங்க, பேர் ஆதார்ல ஒரு மாதிரி பாஸ்புக்ல ஒரு மாதிரி இருந்தா பணம் வந்து சேராது.

அடல் டிங்கரிங் லேப், அதாவது பசங்க கையால செஞ்சு பாத்து கத்துக்கற லேப், 20 லட்சம் வரைக்கும் வர்ற பெரிய விஷயம், ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் இருக்கிற பசங்களுக்கு. அடுத்த அஞ்சு வருஷத்துல அரசுப் பள்ளிகள்ல 50,000 லேப்னு 2025 பட்ஜெட்ல மத்திய அரசு அறிவிச்சிருக்கு. இடம் வேணும், பொறுப்பு எடுக்கிற டீச்சர் வேணும், ரெண்டும் இருந்தா அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கச் சொல்லுங்க.

கதைப் புத்தகம்தான் தேவைன்னா முழுசும் காசு கொடுத்து வாங்கணும்னு இல்ல. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைகள் இலவசமா இருக்கு, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுக்கவும் அனுமதி உண்டு, கலர் பிரிண்ட்டுக்கு மட்டும் ஒரு ஸ்பான்சர் பிடிச்சா போதும்.

உங்க சொந்த ஜிபே நம்பர் வேண்டவே வேண்டாம்

ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போட்டு, கீழ சொந்த ஜிபே நம்பரைப் போட்டு வசூல் பண்ற டீச்சர்கள் இருக்காங்க, அவங்க நல்ல மனசுல எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல. ஆனா அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி அனுமதி இல்லாம நன்கொடை வசூல் பண்ணக் கூடாது, யாரோ ஒருத்தர் மொட்டைக் கடுதாசி போட்டா போதும், விளக்கம் எழுதிக் கொடுத்தே வருஷம் ஓடிடும், செஞ்ச நல்லது எல்லாம் அடிபட்டுப் போயிடும். பணம்னா எஸ்எம்சி இல்ல பிடிஏ கணக்குக்கு மட்டும், ரசீதோட. அதை விட நல்லது பொருளா வாங்கறது, கொடுக்கிறவரே கடைக்கு நேரா பணம் கட்டட்டும், பில் ஸ்கூல் பேர்ல வரட்டும். க்ரவுட் ஃபண்டிங் தளத்துல போடறதா இருந்தாலும் ஹெச்எம் மூலமா சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல எழுத்துல அனுமதி வாங்கிட்டுப் போடுங்க, அந்தத் தளம் கட்டணமா எவ்வளவு பிடிக்குதுன்னும் முன்னாடியே பாருங்க. பெற்றோர்கிட்ட கட்டாய வசூல் எந்தப் பேர்லயும் கூடாது, "விருப்பப்பட்டவங்க"ன்னு சொல்லி லிஸ்ட்ல பேர் எழுதறதும் கட்டாயம் மாதிரிதான்.

பசங்க ஃபோட்டோவுலயும் கவனம் வேணும். கிழிஞ்ச சட்டை, அழுத முகம் எல்லாம் போட்டு இரக்கத்தைக் கிளப்பாதீங்க, அந்தப் பையன் நாளைக்கு பெரியவனாகி அதைப் பாப்பான். வேலை செய்யற கை, திறந்த புத்தகம், தோட்டம், இதைப் போட்டாலே கொடுக்கிறவங்க கொடுப்பாங்க. முகம் தெரியற படம்னா பெற்றோர் சம்மதம் எழுத்துல வாங்குங்க.

வந்ததுக்கு அப்புறம்

பொருள் வந்த அன்னைக்கே ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்துங்க, யார் கொடுத்தது, என்ன தேதி, பில் எண், விலை. கிராண்ட் காசுன்னா கேஷ் புக், வவுச்சர், பயன்பாட்டுச் சான்றிதழ் மூணும் ஒழுங்கா இருக்கணும், இப்போ பணம் பிஎஃப்எம்எஸ்ங்கற அரசு ஆன்லைன் பணப் பட்டுவாடா முறை வழியா கடைக்காரர் கணக்குக்கே போகறதால கடைக்காரரோட வங்கி விவரம், ஜிஎஸ்டி பில் சரியா இருக்கான்னு முன்னாடியே பாருங்க, மார்ச் கடைசி வாரத்துல சர்வர் தூங்கும்போது ஓடாதீங்க.

கொடுத்தவருக்கு அன்னைக்கே ஒரு நன்றிக் கடிதம், ஸ்கூல் லெட்டர்பேட்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அதுல பசங்களே எழுதட்டும், "வெங்காயத் தோல்ல செல் பாத்தோம், செங்கல் அடுக்கின மாதிரி இருந்துச்சு"ன்னு ஒருத்தி எழுதின நாலு வரி போதும். இந்த ரெண்டாவது கடிதத்தை அனுப்பற டீச்சர் ரொம்ப குறைவு. அதை அனுப்பினவங்ககிட்ட அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிக்காரரே போன் பண்ணி "இந்த வருஷம் என்ன வேணும்"னு கேக்கறதை நான் பாத்திருக்கேன்.

மாறுதல்ல போறதா இருந்தா அந்த ஃபைலை, அதாவது லெட்டர் காப்பி, தீர்மானம், கொட்டேஷன், எந்தக் கம்பெனில யாரைப் பாக்கணும்ங்கற குறிப்பு எல்லாத்தையும், அடுத்து வர்ற டீச்சர் கையில கொடுத்துட்டுப் போங்க, பீரோ சாவியோட சேத்து.